தூணாருக்குத் தசை தளர்ந்த கதை

ஆராய்ச்சி நிலையத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளருக்குத் தூணார் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் அங்கே எல்லோருக்கும் தெரியும். வருடா வருடம் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் அலுவலக அணிக்குக் கடைசி ஆள் அவர்தான். கயிற்றை இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, பின்னால் சாய்ந்து நின்றாரென்றால் முடிந்தது. எதிர் அணிக்காரர்கள் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கடைசியில் சுவரை இழுத்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரே ஒரு பலவீனம், வாய். பேசுகிற வாய் இல்லை, தின்கிற வாய். ஃபிரிட்ஜைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் கை போகும், கைக்கு முன்னால் வாய் போகும். ஒருமுறை மனைவி முகத்தில் பூசக் கரைத்து வைத்திருந்த மாவை வழித்துத் தின்றுவிட்டு, "கொஞ்சம் உப்பு கம்மி" என்றார். இன்னொரு முறை, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது தங்கள் பூனைக்கென்று கொடுத்துவிட்டுப் போன மீன் டப்பாவை ரொட்டியில் தடவிக் காலி செய்தார். பூனை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததாம்.

அன்றைக்குத்தான் மனைவி கறாராகச் சொன்னாள். "இனிமே என்ன ஏதுன்னு கேக்காம எதையாவது வாயில வச்சீங்கன்னு தெரிஞ்சுது, ஃபிரிட்ஜைத் தூக்கி என் ரூம்ல வச்சுப் பூட்டிடுவேன். பச்சத் தண்ணிக்குக்கூட என்கிட்ட வந்துதான் நிக்கணும்."

தூணார் இனி தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். அதில் ஒரு மாதம் ஓடியது.

மனைவிக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. இரண்டாம் மாடியில் இருக்கும் தசை ஆய்வுக்கூடத்துக்கு அவள்தான் தலைவி. தசையைச் சுருங்க விடாமல் தடுக்கிற மருந்துகளைச் செல்களுக்குக் கொடுத்து, அவை என்ன ஆகின்றன என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. அவளுக்கு வேண்டிய பாட்டில், கையுறை, கண்ணாடித் தட்டு எல்லாம் தூணார் கையால்தான் போகும். "எத்தனை வேணும்?" என்று கேட்பார். அவற்றை வைத்து அவள் என்ன செய்கிறாள் என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், பயிற்சி முடிந்து வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தார். வீட்டில் யாரும் இல்லை. தொண்டை காய்ந்து கிடந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவு ஓரத்தில், சாஸ் பாட்டிலுக்குப் பின்னால், சின்னதாக ஒரு பாட்டில் ஒளிந்துகொண்டிருந்தது. ஒளிந்துகொண்டிருக்கிற எதுவும் ருசியாகத்தான் இருக்கும் என்பது அவர் அனுபவம். மூடியைத் திருகினார், அண்ணாந்தார், ஒரே மடக்கு.

மருந்துக்கடையும் மரக்கடையும் ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிற மாதிரி ஒரு ருசி! தூணார் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையில் இருந்ததைப் பார்த்தார். அப்போதுதான் அது எங்கிருந்து வந்த பாட்டில் என்று உறைத்தது.

பழுப்புக் கண்ணாடி, வெள்ளை மூடி. போன வாரம் பண்டகசாலையில் பெட்டியைப் பிரித்து அவரே தசைக் கூடத்துக்கு எண்ணிக் கொடுத்த சரக்கு. "வெள்ளைக் கண்ணாடின்னா விலை கம்மியாச்சே, எதுக்குப் பழுப்பு?" என்று கேட்டதற்கு மனைவி சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. "எங்க மருந்து வெளிச்சம் பட்டா வீணாப் போயிடும்."

சொல்லிவைத்தாற்போல் போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க, ஃபிரிட்ஜ் கதவுல சின்னதா ஒரு பாட்டில் இருக்கும். அதைத் தொட்டுடாதீங்க."

"எ... என்னது அது?"

"அதெல்லாம் கேக்காதீங்க. கேட்டாலும் சொல்ல மாட்டேன். தொடாம இருந்தாப் போதும்."

"நான் ஏம்மா தொடப்போறேன்" என்றார் தூணார். குரல் கீச்சென்று வந்தது.

கையும் களவுமாக மாட்டுவதற்குள் தடயத்தை மறைக்க வேண்டும். அடுப்படியில் காலையில் போட்ட டீ மிச்சம் இருந்தது. பால் விடாத டீ, அவருக்குப் பிடித்தமாதிரி சர்க்கரை தூக்கலாக. அதைப் பாட்டிலில் ஊற்றி, மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். பழுப்புப் பாட்டிலுக்குள் டீ இருந்தால் என்ன, மருந்து இருந்தால் என்ன, வெளியே ஒரே நிறம்தான்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பூட்டிய அறைக்குள் ஃபிரிட்ஜ் தனியாக உறுமிக்கொண்டிருப்பது மனக்கண்ணில் தெரிந்தது. உயிரே போனாலும் சொல்வதில்லை என்று முடிவு கட்டினார்.

சாப்பாட்டு மேஜையில் மனைவி, அவர், அவளுடைய தம்பி என மூன்று பேர். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். கொஞ்ச மாதமாக அக்கா வீட்டில்தான் ஜாகை. வீட்டுக்குள்ளேயும் தலையில் தொப்பி போட்டபடிதான் இருப்பான். கேட்டால் "அதான் ஸ்டைல் மாமா" என்பான்.

தூணார் மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். உங்க லேப் மருந்து இருக்கே... அது உள்ள போனா உடம்புல என்ன ஆகும்?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் வேலையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்குறீங்க."

"இல்ல, அறிவு வளரட்டுமேன்னு..."

"சொல்றேன் கேளுங்க. தசைக்குள்ள மெல்லிசா ஒரு இழை, தடியா ஒரு இழை. தடி இழையில சின்னச் சின்னக் கை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். அந்தக் கை, மெல்லிசு இழையைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி எட்டிப் பிடிக்கும். நீங்க கயிறு இழுக்குற மாதிரியேதான். அப்படி இழுக்க இழுக்கத் தசை சுருங்கும். எங்க மருந்து என்ன பண்ணும்னா, அந்தக் கையைக் கட்டிப் போட்டுடும். கயிறு இருக்கும், ஆளும் இருப்பான், 'இழு'ன்னு கத்துறதும் காதுல விழும். ஆனா இழுக்கத்தான் முடியாது."

தூணார் கையிலிருந்த கரண்டி டணாரென்று தட்டில் விழுந்தது.

"என்னாச்சு?"

"வழுக்கிடுச்சு."

"வாயால சொன்னாப் புரியாது. நாளைக்கு லேபுக்கு வாங்க, கண்ணாலயே காட்டுறேன்" என்றாள் அவள். சந்தோஷத்தில் அவருக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். தூணாருக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. வீட்டாருக்கு அதுவே ஓர் அதிசயம்.

மறுநாள் காலை இரண்டாம் மாடிக்குப் படியேறும்போதே முழங்கால் கழன்றுவிடும் போல இருந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மனைவி நுண்ணோக்கிக்கு முன்னால் நாற்காலி போட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

"முதல்ல இதைப் பாருங்க. சாதாரண செல். உள்ள நூல் நூலாத் தெரியுதா? அதுதான் அதுக்குக் கூடாரக் கயிறு மாதிரி. நாலு பக்கமும் இழுத்துக் கட்டினாத்தானே கூடாரம் நிக்கும்? இப்ப இந்த நூலை அறுக்குற மருந்தை விடுறேன்."

தூணார் கண்ணைப் பதித்துப் பார்த்தார். ஜம்மென்று விரிந்து கிடந்த செல், கொஞ்ச நேரத்தில் ஓரங்களிலிருந்து உள்ளே சுருங்கியது. கம்பியை உருவிவிட்ட குடை போல அப்படியே தொங்கிப்போய், அங்கொன்றும் இங்கொன்றுமாக மெலிந்த கைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் நைசாகத் தன் தொந்தியைத் தொட்டுப் பார்த்தார். இருந்த இடத்தில்தான் இருந்தது.

"அடுத்தது நேத்து சொன்னேனே, கையைக் கட்டுற மருந்து. இது இதயத் தசை செல்லு. தட்டுல வச்சு வளர்த்தாலும் தானாத் துடிக்கும்."

துடித்தது! குட்டித் தட்டுக்குள் ஒரு தோல் போலப் படர்ந்து, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, டுப்பு டுப்பு என்று. தூணார் வாயைப் பிளந்தார். மனைவி சொட்டு மருந்து விட்டாள். துடிப்பு சின்னதானது. இன்னும் சின்னதானது. நின்றது.

தூணார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "செத்துப்போச்சா?"

"இல்லீங்க. உயிரோடதான் இருக்கு. 'இழு, இழு'ன்னு உத்தரவுகூடப் போய்க்கிட்டேதான் இருக்கு. இழுக்கத்தான் வழியில்ல."

"இதுக்கு... மாத்து?"

"கழுவிவிட்டாப் போதும். மருந்து வெளியில போயிடும், பழையபடி துடிக்கும். பாருங்களேன்."

மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதுத் திரவத்தை விட்டு விட்டு அலசினாள். காத்திருந்தார்கள். முதலில் ஒரு மூலை லேசாக நடுங்கியது. அப்புறம் இன்னொரு மூலை. பிறகு மொத்தத் தட்டும் டுப்பு டுப்பு என்று ஆரம்பித்தது. தூணாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னொரு விஷயம்," என்றாள் மனைவி. "இந்த மருந்துக்கு வெளிச்சம் ஆகாது. அதுலயும் நீல வெளிச்சம் பட்டா அப்படியே செயலிழந்துடும். ஆனா அதுல ஒரு சிக்கல் என்னன்னா..."

சிக்கலைக் கேட்கத் தூணார் அங்கே இல்லை. கழுவணும், நீல வெளிச்சம் காட்டணும் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் மச்சினன் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனான். அங்கே பண்டகசாலையின் நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, சூரியனைப் பார்த்து வாயை ஆவென்று திறந்தபடி ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர்.

"மாமா? என்ன பண்றீங்க?"

"பல்லுக்கு வெயில் காட்டுறேன் மாப்ள."

"தார்ப்பாய்க்குள்ளயா?"

"கண்ணு கூசுதுல்ல."

மச்சினன் மேற்கொண்டு கேட்டிருப்பான். ஆனால் அவனுக்கே தலையில் ஏதோ ரகளை. தொப்பிக்குள் விரலை விட்டு வறட் வறட்டென்று சொறிந்துகொண்டே இருந்தான்.

"உனக்கென்னடா ஆச்சு?"

"எறும்பு மாமா."

"தலையிலயா?"

"தொப்பியில" என்றான் அவசரமாக. மடியில் கனம் இருப்பவர்கள் இருவரும். ஒருவரை ஒருவர் துருவவில்லை. அவன் துணியோடு இறங்கினான், இவர் மறுபடியும் வாயைத் திறந்தார்.

குடத்துத் தண்ணீர் தீர்ந்தது. இன்னொரு குடம் வந்தது. கழுவ வேண்டும் என்றால் விட்டு விட்டுக் கழுவ வேண்டும் அல்லவா? சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தார், சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தார். இவ்வளவு செய்தும் ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. ஏற்கெனவே யாரோ மூடியைக் கோணலாக வைத்து இறுக்கியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். அதைத் திருகிப் பார்த்துத் தோற்றபோது தூணார் மனதுக்குள் தன் அணியிடம் மன்னிப்பே கேட்டுவிட்டார்.

போட்டி நாள் வந்தது. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அலுவலக அணி, எதிர்ப்பக்கம் தசைக் கூடம். அந்தப் பக்கத்தில் முதல் ஆளே தூணாரின் மனைவிதான், சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றாள். தசைக் கூடத்துக்குத் தசையைப் பற்றி எல்லாம் தெரியும், தசைதான் கிடையாது என்று அலுவலகத்தார் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

தூணாரைத்தான் காணவில்லை. கழிப்பறைக்குப் போனார், வந்தார், கயிற்றைத் தொட்டார், மறுபடி போனார். "இன்னொரு தடவை போனா உங்களை விட்டுட்டே ஆரம்பிச்சுடுவோம்" என்று நடுவராக இருந்த தோட்டக்காரர் எச்சரித்த பிறகுதான் வந்து கயிற்றை இடுப்பில் சுற்றினார்.

விசில் அடித்தது. தூணார் வழக்கம்போலச் சாய்ந்தார். வழக்கத்துக்கு மாறாகக் கால் சறுக்கியது. கண்ணை மூடினால் கட்டிப்போட்ட குட்டிக் குட்டிக் கைகள்தான் தெரிந்தன. இழு என்று சொன்னார், கேட்கவில்லை. தூண் நகர்ந்தது! புல்லைக் கீறிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தது. கூட்டம் "ஐயையோ!" என்றது.

எதிர்ப்பக்கத்திலிருந்து மனைவியே பதறினாள். "என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மேடம், பேசாம இழுங்க!" என்று அவள் அணி பின்னாலிருந்து கத்தியது.

கோட்டைத் தாண்ட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போதுதான் தூணாரின் இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டன. சாதாரணப் பிடிப்பு இல்லை. கருங்கல் மாதிரி உருண்டு திரண்டு, அங்கிருந்து தொடைக்கு ஏறி, இடுப்புக்குக் கீழே மனிதர் மொத்தமும் சிமெண்டு போட்டு இறுகிவிட்டார். வலி உச்சிமண்டையில் அடித்தது.

"விடமாட்டேங்குதே!" என்று அலறினார். "ஐயோ, விடமாட்டேங்குதே!"

முன்னால் இருந்தவர்கள் காதில் "விடமாட்டேன்!" என்றுதான் விழுந்தது. தூணார் இவ்வளவு ஆவேசமாகக் கத்தி அவர்கள் கேட்டதே இல்லை. டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "விடமாட்டோம்!" என்று அவர் எதிரொலித்தார். கணக்குப் பிரிவு, கடிதப் பிரிவு, வாசல் காவலாளி எல்லோரும் "விடமாட்டோம்! விடமாட்டோம்!" என்று கயிற்றில் தொங்கினார்கள். பின்னால் இருந்த தூண் இம்மியும் அசையவில்லை. அசைய முடிந்தால்தானே! தசைக் கூடத்தின் கை ஓய்ந்தது. ஓய்ந்த நேரம் பார்த்து அலுவலகம் ஒரே வெட்டாக வெட்டி இழுக்க, எதிர் அணி மொத்தமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து குவிந்தது.

ஜெயித்தாகிவிட்டது. எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கயிற்றை அவிழ்த்த பிறகும் தூணார் மட்டும் பின்னால் சாய்ந்த அதே நிலையில், கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி விறைத்திருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. "வெற்றிக் கண்ணீர்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. மனைவிதான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பண்டகசாலைத் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அவரைப் பெட்டி ஏற்றுவதுபோல ஏற்றி முதலுதவி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த தம்பி, தலையைச் சொறிந்துகொண்டே ஒரு பக்கம் தாங்கினான்.

நர்ஸ் அவர் பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடி கேட்டார். "என்ன சாப்பிட்டீங்க?"

"தண்ணி."

"சாப்பாடு என்னன்னு கேட்டேன்."

"தண்ணிதான்."

"எவ்வளவு தண்ணி?"

தூணார் கூரையைப் பார்த்தார். "குடத்துலயா சொல்லணும்?"

நர்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இவ்வளவு தண்ணி ஆபத்துங்க! உடம்புல இருக்குற உப்பெல்லாம் நீர்த்துப் போயிருக்கும். அதான் இப்படிப் பிடிச்சு இழுக்குது. நல்ல வேளை, இதோட போச்சு. யாரு இப்படிக் குடிக்கச் சொன்னது?"

தூணார் மனைவியைப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை. "கழுவுறதுக்குத்தான்" என்று ஆரம்பித்து, ஒளிந்திருந்த பாட்டில், மரக்கடை ருசி, தார்ப்பாய் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். "உன் மருந்தைக் குடிச்சுட்டேம்மா. என் தசையெல்லாம் தளர்ந்துபோச்சு."

அவள் அவருடைய கெண்டைக்காலைத் தட்டிப் பார்த்தாள். மரக்கட்டை மாதிரி டக் டக் என்றது. "இதுவா தளர்ந்திருக்கு?"

பிறகு மெல்லத் தம்பி பக்கம் திரும்பினாள். அவன் கதவு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான்.

"நில்லுடா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"அக்கா, சத்தியம் பண்ணியிருக்க!"

"மனுஷன் உயிர் போகுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்."

தம்பி பெருமூச்சு விட்டுத் தொப்பியைக் கழற்றினான். உச்சியில் பளபளவென்று ஒரு வழுக்கை. அதைச் சுற்றிச் சிவப்பு சிவப்பாக எறும்புக் கடி. "ரோஸ்மேரி தண்ணி மாமா. இலையைக் கொதிக்க வச்ச தண்ணி. முடி வளரும்னாங்க. வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு அக்காகிட்ட புதுசா ஒரு காலி பாட்டில் வாங்கி, அதுல ஊத்தி வச்சிருந்தேன்." சட்டென்று அவன் கண் விரிந்தது. "நீங்கதான் அதைக் குடிச்சுட்டீங்களே... அப்போ ரெண்டு நாளா நான் தலையில தேச்சது?"

"டீ" என்றார் தூணார்.

"சர்க்கரை போட்டதா?"

"கொஞ்சம் தூக்கலாவே."

நர்ஸ் பிடித்திருந்த பாதத்தை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்து சிரித்தார். தூணாருக்கு மறுபடி கால் பிடித்துக்கொண்டது, அலறினார். ஓடிவந்து மறுபடி பிடித்தார், மறுபடி சிரித்தார். தம்பி அங்கேயே முடிவு எடுத்துவிட்டான். மறுநாளே மொட்டை அடித்துக்கொண்டு வேலைக்குப் போனான். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் தெருவைப் பார்க்கவே நேரமில்லாமல் இருந்தார்கள், வாத்தியார் தலையையா பார்ப்பார்கள்?

முதலுதவி அறையில் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"என் லேப் மருந்தைக் கொண்டுவந்து சாப்பாட்டோட ஃபிரிட்ஜ்ல வைப்பேன்னு நினைச்சீங்களா? அவ்வளவு பொறுப்பில்லாதவளா நான்?"

"தப்புதாம்மா."

"அதுகூடப் பரவாயில்ல. என் வேலை மேல உங்களுக்கு அக்கறை வந்துடுச்சுன்னு நினைச்சேன் பாருங்க, அதுதான்..." அவள் முடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தூணார் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நர்ஸ் கொடுக்கக் கொடுக்கக் குடித்தார். மன்னிப்பு வராமல் வேறு ஏதோ வாயில் வந்தது.

"முதல்ல பயத்துலதான் கேட்டேன், அது நிஜம். ஆனா அந்தத் தட்டுல இருந்தது நின்னுட்டு மறுபடி துடிச்சுதே, அப்ப ஒரு நிமிஷம் என் பயமே மறந்துபோச்சு. அதுலருந்து ஒரு சந்தேகம்."

அவள் திரும்பவில்லை. "என்ன?"

"கால் இப்படிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குதே. நெஞ்சு ஏன் அந்த மாதிரி பிடிச்சுக்கிறதில்ல? அதுவும் தசைதானே? ராத்திரி பகலா இழுத்துக்கிட்டேதானே இருக்கு?"

மனைவி இப்போது திரும்பினாள். நாற்காலியை இழுத்துத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"நல்ல கேள்விதான். ஆனா சொல்ல ஆரம்பிச்சா முடிக்க நேரமாகும்."

"ஆகட்டுமே" என்றார் தூணார். "கால்தான் நகரமாட்டேங்குதே. நான் எங்க போகப்போறேன்?"